இங்கிலீஷில் வத்தல் இல்லை

"நீச்சலே தெரியாத பொண்ணு, கடல்ல போறவங்களுக்கு வழி சொல்லப் போறியா?"

நியூ ஜெர்சியின் பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் அபார்ட்மென்ட் பொதுக்கூடத்தில் ஒரு பிறந்தநாள் விழா. கையில் கேசரித் தட்டோடு நின்ற ஒரு அங்கிள் என்னிடம் இப்படிக் கேட்டார்.

"வழி சொல்றதுக்கில்லைங்க அங்கிள். வழி சொல்லாம இருக்கறதுக்குத்தான் என்னைச் சேத்திருக்காங்க" என்றேன்.

"அதுக்கு எதுக்கும்மா ஆளு? எங்க வீட்டு நாயே போதுமே!"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் சொன்னது நகைச்சுவை இல்லை என்பது அங்கே யாருக்கும் தெரியாது. கரையிலிருந்து படகோடு பேசும் இந்த மேசைக்குப் புதிதாக வரும் உங்கள் இருவருக்கும் அது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். தொலைபேசியை எப்படிப் பிடிப்பது, பதிவை எங்கே சேமிப்பது என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. கையேட்டில் இல்லாதது இது.

தனியாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றுபவர்களின் சாதனையைச் சரிபார்க்கும் குழு, அந்தப் பயணங்களைப் பல பிரிவுகளாக வைத்திருக்கிறது. எதிலும் வழியில் நிற்கக் கூடாது, யாரிடமும் எதையும் வாங்கக் கூடாது. பெரும்பாலான பிரிவுகளில் புயல் எங்கே, காற்று எங்கே என்று கரையிலிருந்து சொல்லலாம். அக்கா தேர்ந்தெடுத்த பிரிவில் அது கூடாது. படகில் காற்றழுத்தம் காட்டும் பாரோமீட்டர், தலைக்கு மேலே வானம், எல்லாக் கப்பல்களுக்கும் பொதுவாக ரேடியோவில் வரும் வானிலை அறிக்கை. இவை மூன்றும்தான் அவருக்குத் துணை. அந்தப் பிரிவில் அதுவரை எந்தப் பெண்ணும் சுற்றை முடித்ததில்லை. முடித்தால் அக்காதான் முதல் ஆள்.

அக்கா என்று நான் சொல்வது உறவு முறையில் இல்லை. அவர் பே ஏரியாவில் சிப் வடிவமைக்கும் இன்ஜினியர். கணவர், பன்னிரண்டு வயது மகள், முப்பத்தாறு அடி நீளப் படகு. கோல்டன் கேட் பாலத்தின் அடியில் கிளம்பி, தெற்கே இறங்கி, எல்லா முனைகளையும் சுற்றி, அதே பாலத்தின் அடியில் வந்து சேர வேண்டும். ஏறக்குறைய ஆறு மாதம்.

தமிழ்ச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் அவருடைய அறிவிப்பைப் பார்த்தேன். "செவ்வாய், வெள்ளி காலை ஒன்பது மணிக்கு இருபது நிமிடம் பேச ஆள் வேண்டும். தமிழ் பேச வேண்டும். இங்கிலீஷ் பிழையில்லாமல் எழுத வேண்டும். வாயை மூடத் தெரிய வேண்டும்."

கடைசி வரிக்காகத்தான் விண்ணப்பித்தேன். மருந்துக் கம்பெனியில் சோதனை ஆவணங்களைச் சரிபார்ப்பது என் வேலை. எந்த நோயாளிக்கு உண்மையான மாத்திரை, எந்த நோயாளிக்கு வெறும் மாவு மாத்திரை என்பது மருத்துவருக்கே தெரியக் கூடாது. தெரிந்தவர்கள் முகத்தில்கூடக் காட்டக் கூடாது.

"பேசத் தெரியும்னு எல்லாரும் சொல்றாங்க. உனக்குப் பேசாம இருக்கத் தெரியுமா?" என்று அக்கா கேட்டார்.

"என் வேலையே அதானுங்க்கா."

"ஈரோட்டுப் பக்கமா?"

"பள்ளிபாளையமுங்க்கா. ஆத்துக்கு இந்தப் பக்கம்."

"உங்க ஊர்ல ஆறாச்சும் இருக்கே, அது போதும்" என்று சேர்த்துக்கொண்டார்.

இரண்டு தாள்களில் கையெழுத்துப் போட்டேன். முதலாவது குழுவினுடையது. கரையில் இருப்பவர் படகுக்கு ஆபத்து வருவதைக் கண்டால் குழுவின் சரிபார்ப்பாளரை எந்த நேரத்திலும் அழைக்கலாம். எச்சரிப்பதா என்பதை அவர் முடிவு செய்வார். எச்சரித்தால் அந்தப் பிரிவு போய்விடும். பயணம் சாதாரணப் பிரிவுக்கு மாறும். இரண்டாவது தாள் அக்காவே எழுதியது. "நான் கேட்காமல் நீ எனக்கு வானிலை சொல்லாதே. கண்ணால் பார்த்தாலும் சொல்லாதே. பயமாக இருந்தால் சரிபார்ப்பாளரைக் கூப்பிடு; அது உன் உரிமை. என்னிடம் சொல்வது உன் உரிமை இல்லை."

என் அப்பாவும் அம்மாவும் விசைத்தறியில் வேலை செய்தவர்கள். இருவரும் பள்ளிக்கூடத்துக்குப் போனதில்லை. தாள் நீட்டினால் அப்பா முதலில் கட்டைவிரலைத்தான் நீட்டுவார். எங்கள் வீட்டில் ஒரு தாளை முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்கு உண்டு, அதைக் குறைத்துக்கொள்ளும் எண்ணமும் இல்லை. அன்றும் இரண்டு தாள்களையும் இரண்டு முறை படித்துவிட்டுத்தான் போட்டேன். பின்னால் நடந்ததற்கு, தெரியாமல் செய்தேன் என்று என்னால் சொல்ல முடியாது.

முதல் தப்பு இரண்டாவது வாரத்திலேயே நடந்தது. சேட்டிலைட் போனில் நடக்கும் ஒவ்வொரு பேச்சும் பதிவாகும். ஐந்து நாளுக்குள் நான் அதை வரிக்கு வரி இங்கிலீஷில் எழுதி, டெக்சாஸில் பிளானோவில் இருக்கும் சரிபார்ப்பாளருக்கு அனுப்ப வேண்டும். அவர் அமெரிக்கப் பெண்மணி, தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஒரு பேச்சில் அக்கா, "வெள்ளிக்கிழமை ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு கப்பல் ரொம்பப் பக்கத்துல போச்சு" என்றார். நான் வெள்ளிக்கிழமை அதிகாலை இரண்டு மணி என்று இங்கிலீஷில் எழுதி அனுப்பினேன்.

சரிபார்ப்பாளர் அழைத்தார். அந்த நேரத்தில் படகு அந்தக் கப்பலின் பாதையில் இல்லையே, நூற்றைம்பது மைல் வடக்கே இருந்ததாகக் கருவி காட்டுகிறதே, இரண்டில் எது பொய் என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை.

இரண்டும் பொய்யில்லை. நமக்கு விடிகிறவரை நேற்றுதான். வெள்ளிக்கிழமை ராத்திரி இரண்டு மணி என்று நாம் சொல்வது, கடிகாரத்தைப் பொறுத்தவரை சனிக்கிழமை. அக்கா தமிழில் சரியாகச் சொன்னார். நான் சொற்களை மட்டும் மாற்றிவிட்டு, நாளை மாற்ற மறந்தேன். அன்றே பழைய பேச்சுகள் எல்லாவற்றையும் திரும்பக் கேட்டேன். அதே தப்பு இன்னோர் இடத்திலும் இருந்தது. அவர் அதைக் கவனித்திருக்கவில்லை. நானே எழுதி அனுப்பினேன்.

அவர் ஒரே வரியில் பதில் போட்டார்: "தப்புச் செய்பவர்கள் எழுதுவதை ஒரு முறை படிக்கிறேன், தப்பே செய்யாதவர்கள் எழுதுவதை மூன்று முறை படிக்கிறேன்."

அன்றிலிருந்து மொழிபெயர்ப்பின் அடியில் குறிப்பு எழுதும் வழக்கம் வந்தது. தமிழில் சொன்னது ஒன்று, பொருள் வேறொன்று என்று எங்கே தோன்றினாலும் ஒரு குறிப்பு. "போயிட்டு வர்றேன்" என்றால் திரும்பி வரப்போவதாக அர்த்தம் இல்லை, விடைபெறுகிறார். "சாப்டியா" என்றால் சாப்பாட்டை விசாரிக்கவில்லை, நலமா என்கிறார். சரிபார்ப்பாளர் இவற்றை விரும்பிப் படித்தார் என்று நினைக்கிறேன். நானும் விரும்பி எழுதினேன்.

தொண்ணூறு நாள் நெருங்கியபோது அக்கா நன்னம்பிக்கை முனையைத் தாண்டி, ஆஸ்திரேலியாவுக்குப் பாதி வழியில் இருந்தார். பூமியில் மனிதர்களிடமிருந்து அதைவிடத் தூரமான இடங்கள் குறைவு. பத்து நாளாக ரேடியோ வேலை செய்யவில்லை. அதாவது பொது அறிக்கையும் இல்லை. பாரோமீட்டரும் வானமும் மட்டும்.

எனக்கு அதற்குள் ஒரு கெட்ட வழக்கம் வந்திருந்தது. காலையில் காபியோடு அந்தக் கடலின் வானிலை வரைபடத்தைப் போனில் பார்ப்பேன். எந்தத் தாளும் அதைத் தடுக்கவில்லை. ஆனால் உங்களுக்கு நான் சொல்லும் முதல் புத்தி அதுதான்: பார்க்காதீர்கள். படகைக் கவனிக்கச் சரிபார்ப்பாளரிடம் ஆட்கள் இருக்கிறார்கள். உங்களுக்குத் தெரியாத ஒன்று உங்கள் வாயிலிருந்து வராது.

அந்த வெள்ளிக்கிழமை வரைபடத்தில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் இருந்தது. கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கறுப்பாகத் தெரிந்தன. அதன் முன்காற்று அன்றிரவே அக்காவை எட்டும்; ஒன்றரை நாளில் அது அவர் பாதையைக் கடக்கும். மணி எட்டு ஐம்பது. சரிபார்ப்பாளரின் எண் மேசையில் ஒட்டியிருந்தது. கூப்பிடவில்லை. ஒன்பதுக்கு அக்காவைக் கூப்பிட்டேன்.

"என்னடி, சாப்டியா?"

"சாப்ட்டேனுங்க்கா. நீங்க?"

"கஞ்சி. வத்தல் வறுத்தேன், பாதி கருகிப் போச்சு. ஆடற அடுப்புல வேற எப்படி வரும்? இங்க என்னா வெயில் தெரியுமா! சாயங்காலம் ஆகியும் குறையல. பாரோமீட்டர் ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. ரேடியோ செத்தது செத்ததுதான். ரெண்டு நாளா சரியா தூங்கல. இன்னிக்கு எல்லாப் பாயையும் முழுசா விரிச்சு விட்டுட்டு நல்லாத் தூங்கப் போறேன்."

முழுப் பாயோடு தூங்கும் படகின் மேல் அப்படி ஒரு காற்று வந்தால் என்ன ஆகும் என்பது, நீச்சல் தெரியாதவளுக்கும் தெரியும்.

"லைன்ல இருக்கியா?"

"இருக்கேனுங்க்கா." பிறகு சொன்னேன். "அக்கா, வத்தல் ஏதாச்சும் வெளியில காயப்போட்டிருந்தீங்கன்னா எடுத்து உள்ள வச்சிருங்க."

"வத்தலா? நான் எங்கடி காயப்போ..."

நின்றுவிட்டார். பதிவில் அந்த இடத்தில் பதினோரு விநாடி காற்றுச் சத்தம் மட்டும் இருக்கிறது.

"சரி" என்றார். அது வேறு குரல். அதன்பின் மகளின் பள்ளிக் கச்சேரி பற்றிக் கேட்டார். நான் சொன்னேன். இருபது நிமிடம் முடிந்தது.

ஒரு மணி நேரத்தில் படகைக் காட்டும் திரையில் புள்ளி வடக்கே திரும்பியது. வேகம் பாதியாகக் குறைந்தது. பாயைச் சுருக்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தக் கறுப்புக் கோடுகள் அவருக்குத் தெற்கே கடந்து போயின. அவர் போயிருக்க வேண்டிய இடத்தில் எப்படிப்பட்ட காற்று வீசியது என்பதைப் பார்த்தேன். எண்களை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் நான் செய்தது சரி என்று உங்களுக்குத் தோன்றும்.

சனிக்கிழமை அபார்ட்மென்ட்டின் துணி துவைக்கும் அறையில் இருந்தபோது அக்காவின் கணவர் அழைத்தார். பேச்சுகளின் பதிவு குடும்பத்துக்கும் போகும். மகளை டான்ஸ் கிளாஸுக்கு அழைத்துக்கொண்டு காரில் போய்க்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் ஃப்ரீவே இரைந்தது.

"கேட்டேம்மா. தாங்க்ஸ்."

"எதுக்குங்கண்ணா?"

"எதுக்கோ. புதன்கிழமைக்குள்ள அனுப்பணும்ல, எப்படி எழுதப் போற?"

"இன்னும் எழுதலைங்கண்ணா."

"வார்த்தைக்கு வார்த்தை ட்ரான்ஸ்லேட் பண்ணிரும்மா. வத்தல்னா வத்தல். போட்ல மூணு கிலோ ஏத்திருக்கோம், சாமான் லிஸ்ட்லயே இருக்கு. அவளே அன்னிக்கு வத்தல் வறுத்தேன்னு சொல்றா. நீ காயப்போட்டிருந்தா எடுத்து வைங்கற. இதுல எங்க பொய் இருக்கு, சொல்லு?"

பொய் எங்கேயும் இல்லை. அதுதான் சிக்கல்.

"ஏழு வருஷமா அவ ஒரு வெக்கேஷன் எடுக்கல. எல்லா வீக்கெண்டும் அந்த போட்தான். நான் சொல்லித் தெரியணுமா உனக்கு? ஒரு லைன்மா. ஒரே ஒரு லைன்."

பின்சீட்டிலிருந்து மகளின் குரல் கேட்டது. "அப்பா, டிட் அம்மா கெட் இட்?"

"என்னடா?"

"தி வத்தல் திங். டிட் ஷி நோ இட் மென்ட் ரெயின்?"

காரின் இண்டிகேட்டர் டிக் டிக்கென்றது.

"எக்ஸிட் வருதும்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார். அவர் நல்ல மனிதர். அதற்குப் பிறகு அந்த வரியைப் பற்றி என்னிடம் ஒரு முறையும் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மொழிபெயர்ப்பை எழுதி முடித்தேன். காயவைத்த காய்கறிகளை வெளியே வைத்திருந்தால் உள்ளே எடுத்து வையுங்கள். இங்கிலீஷில் அது மிகவும் அழகாக வந்தது, சமையல் குறிப்புப் போல. யார் படித்தாலும் தாண்டிப் போய்விடுவார்கள். பிளானோவில் இருப்பவரும் தாண்டித்தான் போவார். அதுவரை நான் எழுதிய குறிப்புகளை எண்ணிப் பார்த்தேன், முப்பத்து நான்கு. "சாப்டியா" என்ற ஒற்றைச் சொல்லுக்கு அரைப்பக்கம் எழுதியவள், இந்த வரிக்கு அடியில் மட்டும் வெறும் இடம் விட்டால், அந்த வெறும் இடம்தான் பொய். மற்ற முப்பத்து நான்கும் அதற்குச் சாட்சியாக நின்று அதை நம்பவைக்கும்.

புதன்கிழமை வரை நேரம் இருந்தது. முதலில் அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று செவ்வாய்க்கிழமைக்குக் காத்திருந்தேன். ஒரு முறை அவரைக் கேட்காமல் செய்துவிட்டேன், இரண்டாவது முறையும் அப்படிச் செய்யக் கூடாது.

"அக்கா, வெள்ளிக்கிழமை நான் சொன்னதுக்கு ஒரு குறிப்பு எழுதப் போறேனுங்க. மழை வருதுன்னா எங்க வீடுகள்ல அப்படித்தான் சொல்லுவோம்னு. அந்த அர்த்தத்துலதான் சொன்னேன்னு."

"எனக்குப் புரிஞ்சுதுன்னும் எழுதுவியா?"

"அதை நீங்கதான் சொல்லணுமுங்க்கா."

"புரிஞ்சுது. எழுதிக்கோ." அப்புறம் கேட்டார். "பிளானோவுக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே? நம்பர் இருக்குல்ல?"

"போட்டா ரெக்கார்டு போயிருமேன்னு..."

"இப்போ?"

"இப்பவும் போயிருமுங்க்கா."

"உனக்கு நானும் வேணும், என் ரெக்கார்டும் வேணும். நான் எழுதிக் குடுத்தது மட்டும் வேணாம். நீ படிச்சுப் பாத்துத்தான கையெழுத்துப் போட்ட? ரெண்டு தடவை படிச்ச. நான் பாத்துக்கிட்டே இருந்தேன்."

"ஆமாங்க்கா."

"பாரோமீட்டர் விழுந்திருந்தா நானே எழுந்திருச்சிருப்பேன். இல்ல, எழுந்திருக்காம செத்தும் போயிருப்பேன். எதுன்னு இனிமே எனக்குத் தெரியாது. இது என் படகுடி."

"சாரிங்க்கா."

"சாரியெல்லாம் ஒண்ணும் வேணாம். வெள்ளிக்கிழமை கூப்பிடு. ஆனா இனிமே இங்கிலீஷ்ல பேசு."

"ஏனுங்க்கா?"

"இங்கிலீஷ்ல வத்தல் இல்ல."

குறிப்பு எண் முப்பத்தைந்து மூன்று வரி. எங்கள் வீடுகளில் இந்த வாக்கியத்துக்கு மழை வருகிறது என்று பொருள். நான் அந்தப் பொருளில் சொன்னேன். அவர் அந்தப் பொருளில் புரிந்துகொண்டார். கீழே என் முழுப் பெயரை எழுதி அனுப்பினேன்.

இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. அந்த வெள்ளிக்கிழமையோடு பிரிவு போயிற்று. சாதாரணப் பிரிவில் அக்காவைவிட வேகமாகச் சுற்றியவர்கள் பலர் இருந்தார்கள். கரை ஆளை மாற்ற வேண்டுமா என்று குழு அக்காவிடம் கேட்டது. வேண்டாம் என்று ஒரே சொல்லில் பதில் அனுப்பினார். சரிபார்ப்பாளர் எனக்குத் தனியாக எழுதினார்: "நீங்கள் எழுதாவிட்டால் எனக்கு இது தெரிந்திருக்காது." பாராட்டு என்று அதை எடுத்துக்கொள்ளவில்லை. அவர் பாராட்டாகச் சொல்லவும் இல்லை.

ஆஸ்திரேலியாவில் கரை ஏறி விமானத்தில் வீட்டுக்கு வந்திருக்கலாம். அக்கா வரவில்லை. எந்தப் பட்டியலிலும் ஏறாத ஒரு பயணத்தை, எல்லா விதிகளையும் கடைப்பிடித்து, எண்பது நாளுக்கும் மேல் ஓட்டினார். செவ்வாயும் வெள்ளியும் இங்கிலீஷில் பேசினோம். "ஹேட் யுவர் பிரேக்ஃபாஸ்ட்?" என்று கேட்பார். இங்கிலீஷில் அது வெறும் காலைச் சாப்பாட்டைப் பற்றிய கேள்வி. ஓட்ஸ் என்று சொல்வேன். குறிப்பு எழுதத் தேவையில்லாத பேச்சுகள். மொழிபெயர்ப்பும் தேவையில்லை. என் வேலை பாதியாகக் குறைந்தது. அவ்வளவு நீளமான எண்பது நாட்களை நான் பார்த்ததில்லை.

அவர் வந்து சேர்ந்த அன்று சான் பிரான்சிஸ்கோவில் பாலத்தின் பாதி பனியில் மறைந்திருந்தது. நான் அங்கே போயிருந்தேன். மிதவை மேடையில் மகளைக் கட்டிக்கொண்டார், கணவரைக் கட்டிக்கொண்டார். நிற்கத் தெரியாதவர் போல் ஆடிக்கொண்டிருந்தார். பிறகு திரும்பிப் படகுக்குள் போய், ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு வந்து என் கையில் வைத்தார். மணத்தக்காளி வத்தல், மூடி பிரிக்காதது.

"இந்தா. உள்ளதான் வச்சிருந்தேன்."

தமிழில் சொன்னார். மன்னித்துவிட்டாரா என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றும். நான் கேட்டதில்லை.

இனி உங்கள் வேலை. வரும் அக்டோபரில் அக்கா மறுபடியும் கிளம்புகிறார், அதே பிரிவில், தமிழிலேயே பேச. இந்த முறை கரையில் இரண்டு பேர் வேண்டும் என்று அவரே கேட்டார். ஒருவர் பேச வேண்டும். மற்றவர் பேச்சில் வத்தல் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சொல்லக் கூடாத வீட்டு வாக்கியங்களின் பட்டியல் ஒன்றைத் தயாரித்து இருவருக்கும் அனுப்பியிருக்கிறேன், பிளானோவிலும் ஒரு பிரதி உண்டு. கொடியில் துணி, குடை, மாட்டைப் பிடித்துக் கட்டுவது, விறகை மூடுவது, எறும்பு முட்டை தூக்குவது என்று நாற்பது தேறியது. "பத்திரமா இருங்க" என்பதைச் சேர்ப்பதா என்று சரிபார்ப்பாளரோடு ஒரு மணி நேரம் பேசினோம். நாம் அதை எல்லா நேரமும் எல்லாரிடமும் சொல்வதால் அதில் தகவல் எதுவும் இல்லை என்று முடிவாயிற்று. அதைச் சொல்லிக்கொள்ளலாம்.

பட்டியல் போதாது. பயம் வந்தால் நாற்பத்தோராவது வாக்கியம் தானாக முளைக்கும். அப்போது ஒன்றை நினைவில் வையுங்கள். உயிர் போகும் என்று தோன்றினால் பிளானோவை அழையுங்கள். சாதனை போகட்டும், வெளிச்சத்தில் போகட்டும். அழைக்கும் அளவுக்கு இல்லை என்று தோன்றினால், சாப்டீங்களா என்று கேட்டுவிட்டு வையுங்கள். இரண்டு கதவும் எப்போதும் திறந்தே இருக்கும். நான் இரண்டையும் விட்டுவிட்டுச் சுவரில் ஓட்டை போட்டேன். காரணம் அன்பு என்று அப்போது நினைத்தேன். எனக்கு எதையும் இழக்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். நான் காப்பாற்ற நினைத்த உயிர், சாதனை இரண்டும் அக்காவினுடையவை. முடிவு மட்டும் என்னுடையதாக இருந்தது.

நான் மேசையை விட்டுப் போவது இதற்குத் தண்டனையாக இல்லை. "இது என் படகுடி" என்று அவர் சொன்னதை எனக்குப் புரியும் மொழியில் மாற்றிக்கொள்ள முடியவில்லை. பல குறிப்புகள் எழுதிப் பார்த்தேன், எதுவும் சரியாக வரவில்லை. அந்தக் கோடையில் எங்கள் அபார்ட்மென்ட் நீச்சல்குளத்தில், ஆறு வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று நீச்சல் கற்றேன். அங்கிள் பால்கனியிலிருந்து பார்த்துவிட்டு, "இப்பவாவது ஆரம்பிச்சியே!" என்றார். அதன்பின் இரண்டு வருடம், சனி ஞாயிறு தவறாமல், பக்கத்திலுள்ள ராரிடன் விரிகுடாவில் பாய் கட்டவும் அவிழ்க்கவும் கற்றேன்.

போன வாரம் சாண்டி ஹூக்கிலிருந்து கிளம்பும், நெடுங்கடலில் தனியாக ஓட்டுவதற்கான தகுதிப் பயணத்துக்குப் பெயர் கொடுத்தேன். இருபத்தேழு அடிப் படகு, இருநூறு மைல், மூன்று நாள். நேற்று என் கரை ஆட்களுக்கான தாளை நானே எழுதினேன். நான் கேட்காமல் சொல்லாதீர்கள் என்பது முதல் வரி. இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். பிரதி உங்கள் மேசையில் இருக்கிறது. நீங்களும் படித்துவிட்டுப் போடுங்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, மேசையில் ஒட்டியிருக்கும் மூன்றாவது எண்ணைக் கூப்பிடுங்கள். என் படகிலிருந்து எடுப்பது நான்தான். தமிழிலேயே பேசலாம். சாப்பிட்டாயா என்று கேளுங்கள், சொல்கிறேன். வானத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். வத்தல் டப்பா உள்ளேதான் இருக்கிறது.